தேனீக்கள் சென்ற திசை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் கவிதையைப் பற்றியே பேசிவந்த இந்த அவையில், தேனீயையும் தொலைக்காட்சியையும் இணைத்துப் பேச முன்வந்திருக்கிறேன். பொருத்தமற்ற தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். வண்டும் தேனும் இல்லாத தமிழ்க் கவிதை மரபை நினைத்துப் பார்க்க இயலாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே தேனீயை இன்னொரு நாகரிகம், இன்னொரு ஊடகத்தில், தன் அச்சங்களின் உருவமாக எவ்வாறு ஆக்கிக்கொண்டது என்பதைக் காண்பது, நம் உருவகங்களையும் நாமே சோதித்துக்கொள்ள ஒரு வாய்ப்பாகும் எனக் கருதுகிறேன்.

அமெரிக்க, ஆங்கிலேயத் தொலைக்காட்சிகளின் புனைவுகளில் தேனீ வந்த வரலாற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு திருப்பம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் அந்தக் கதைகள் தேனீ வந்துவிடுமே என்று அஞ்சின. பின்னர் தேனீ போய்விடுமே என்று அஞ்சத் தொடங்கின.

முதற்கட்டத்திற்குச் சான்றுகள் பல. 'தி அவுட்டர் லிமிட்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரில் 1964 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதிக்கு ஆங்கில அகரவரிசையின் இறுதி எழுத்தை ஐந்து முறை அடுக்கியதே தலைப்பு. அது தேனீயின் ரீங்காரத்தைக் குறிப்பது. தேனீக்களின் மொழியை அறிய முயலும் பூச்சியியல் அறிஞர் ஒருவரின் இல்லத்திற்கு, இராணித்தேனீ ஒன்று இளம்பெண் வடிவில் உதவியாளராக வந்து சேர்கிறது. அவரோடு கூடித் தன் இனத்தைப் பெருக்குவதே அதன் நோக்கம். இங்கே தேனீ மனிதனாக விரும்புகிறது.

அடுத்துக் கொல்லும் தேனீயின் காலம் வந்தது. இதற்கு மெய்யான ஒரு நிகழ்ச்சி அடிப்படையாக அமைந்தது. பிரேசில் நாட்டில் கலப்பினம் உருவாக்குவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேனீக்கள், 1957-இல் ஆய்விடத்திலிருந்து தப்பி, உள்ளூர்த் தேனீக்களோடு கலந்து வடதிசை நோக்கிப் பரவின. அவை 1990-இல்தான் டெக்சஸ் எல்லையை அடைந்தன. ஆனால் அவை வருமுன்பே அவற்றைப் பற்றிய கதைகள் வந்துவிட்டன. 1974-இல் 'கில்லர் பீஸ்', 1976-இல் 'தி சாவேஜ் பீஸ்' என அடுத்தடுத்துத் தொலைக்காட்சித் திரைப்படங்கள் வெளியாயின. தெற்கிலிருந்து எல்லை கடந்து வரும் கூட்டம் ஒன்று நம் வீட்டை அழித்துவிடும் என்ற அச்சத்திற்குத் தேனீ உருவம் கொடுத்தது. அந்த அச்சம் பூச்சியைப் பற்றியது மட்டும்தானா என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

தொண்ணூறுகளில் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' வந்தது. 1996 அக்டோபரில் ஒளிபரப்பான 'ஹெரன்ஃபோக்' என்னும் பகுதியில், கனடாவில் மறைவான ஒரு பண்ணை காட்டப்படுகிறது. ஒரே முகம் கொண்ட சிறுவர் சிறுமியர் பேச்சறியாதவர்களாய் அங்கே உழைக்கின்றனர், தேனீக்களும் வளர்க்கப்படுகின்றன. 1997-இல் வந்த 'ஜீரோ சம்' என்னும் பகுதியில், பெரியம்மைக் கிருமியைச் சுமந்த தேனீக்கள் பள்ளிச் சிறுவர்களைத் தாக்குகின்றன. தேனீ இங்கே தானாக வரும் பகையன்று; அதிகாரத்தில் உள்ளோர் மறைவாக ஏவும் கருவி. அரசு தன் மக்களிடம் எதையோ மறைக்கிறது என்ற ஐயம் அந்நாட்டில் ஓங்கியிருந்த காலம் அது. தேனீ அந்த ஐயத்தைச் சுமந்தது.

இவ்விடத்தில் ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். தேனீ மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவதாகத் திரையில் கதை ஓடிய அதே ஆண்டுகளில், தேனீக்கே நோயைக் கொண்டுவரும் ஓர் உயிர் அமெரிக்கத் தேனீப் பெட்டிகளுக்குள் பெருகிக்கொண்டிருந்தது. அதன் பெயர் வரோவா உண்ணி. குண்டூசித் தலையளவே உள்ள இந்தச் செந்நிற உண்ணி, முதலில் ஆசியத் தேனீயின் மேல் வாழ்ந்தது. ஆசியத் தேனீ அதனோடு ஒருவாறு இணங்கி வாழப் பழகியிருந்தது. ஐரோப்பியத் தேனீயைக் கிழக்கே கொண்டுவந்து வளர்த்தபோது உண்ணி அதற்குத் தாவியது. 1987-இல் அமெரிக்காவிலும் 1992-இல் இங்கிலாந்திலும் அது கண்டறியப்பட்டது. தேனீயின் உடலை உண்பதோடு, சிறகைச் சுருங்கச் செய்யும் நச்சுயிரியையும் அது பரப்புகிறது. சதிகாரர் எவருமின்றி, வணிகத்தால் மட்டுமே உலகெங்கும் பரவிய நோய் இது. இதைத் தொலைக்காட்சி கதையாக்கவில்லை. சதிக்குரிய கவர்ச்சி இதில் இல்லை போலும்.

திருப்பம் நிகழ்ந்தது 2006-இன் இறுதியில். பென்சில்வேனியாவைச் சேர்ந்த தேனீ வளர்ப்பாளர் ஒருவர், புளோரிடாவில் வைத்திருந்த தம் பெட்டிகளைத் திறந்தபோது பெரும்பாலானவற்றில் பணித்தேனீக்களைக் காணவில்லை. இராணி இருந்தது, புழுக்கள் இருந்தன, தேன் இருந்தது. இறந்த உடல்கள் இல்லை. வேறு பல மாநிலங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கத் தேனீக் கூடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பாயிற்று. 2007-இல் இதற்குக் 'கூட்டுச் சிதைவு நோய்' என்னும் பொருள்படப் பெயர் சூட்டினர்.

உடலே கிடைக்காத சாவு கதைக்கு ஏற்ற சாவு. இரண்டாண்டிற்குள் அது புனைவிற்குள் புகுந்துவிட்டது. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 2008 ஏப்ரலில் வந்த 'பார்ட்னர்ஸ் இன் க்ரைம்' பகுதியில், டோனா என்னும் பெண், தாம் கேள்விப்பட்ட விந்தைச் செய்திகளுள் ஒன்றாகத் தேனீக்கள் மறைந்து வருவதைச் சொல்லிச் செல்கிறார். போகிற போக்கில் சொன்ன அச்சொல், அதே ஆண்டு ஜூனில் வந்த 'தி ஸ்டோலன் எர்த்' பகுதியில் கதையின் முடிச்சை அவிழ்க்கிறது. பூமி தன் இடத்திலிருந்து களவாடப்பட்டுவிட்டது. எங்கே கொண்டுசெல்லப்பட்டது என்பது தெரியவில்லை. டோனாவுக்குத் தேனீக்கள் நினைவுக்கு வருகின்றன. பூமியில் வாழ்ந்த தேனீக்களுள் ஒரு பகுதி மெலிசா மஜோரியா என்னும் கோளிலிருந்து குடிபெயர்ந்து வந்தவை என்றும், வரும் கேட்டை முன்னரே உணர்ந்து அவை தாயகம் திரும்பிவிட்டன என்றும், அவை சென்ற தடத்தைப் பற்றிச் சென்றால் பூமியைக் கண்டுபிடிக்கலாம் என்றும் டாக்டர் விளக்குகிறார். மெலிசா என்பது தேனீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். அழகிய கற்பனை என்பதை மறுப்பதற்கில்லை. பகையாகவும் கருவியாகவும் இருந்த தேனீ, இங்கே விருந்தினனாகவும் தூதுவனாகவும் உயர்ந்துவிட்டது. ஆயினும் அந்தக் கற்பனை நமக்குத் தரும் ஆறுதலைக் கவனிக்க வேண்டும். தேனீக்கள் சாகவில்லை, போய்விட்டன. அவை போனதற்கு நாம் காரணமல்லோம். வானத்திலிருந்து வந்த பகைவர் காரணம். இந்த இரண்டு ஆறுதல்களும் உண்மைக்குப் புறம்பானவை.

மெய்யான தேனீக்கள் எங்கே போயின? நோயுற்ற பணித்தேனீ கூட்டுக்குள் கிடந்து சாவதில்லை. பெரும்பாலும் வெளியே பறந்து சென்று தனியே மடிகிறது. கூட்டிலுள்ள மற்றவற்றுக்கு நோய் பரவாமல் இருக்க இவ்வியல்பு உதவுகிறது. கூட்டைக் காக்கும் இந்த இயல்பே, நோய் மிகும்போது கூட்டை வெறுமையாக்கிவிடுகிறது. முதிர்ந்த தேனீக்கள் குறையக் குறைய, உரிய வயது வராத இளந்தேனீக்கள் இரை தேட வெளியே செல்கின்றன. அவையும் விரைவில் மடிகின்றன. அவை தாயகம் திரும்பவில்லை. வயலோரத்திலும் சாலையோரத்திலும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. சிதறி வீழ்ந்த சிற்றுயிரை எவரும் எண்ணவில்லை. ஆகவே அது மாயமாயிற்று.

நோய்க்குக் காரணம் ஒன்றன்று, பல. வரோவா உண்ணி, அது சுமக்கும் நச்சுயிரிகள், குடலைத் தாக்கும் நோசீமா என்னும் நுண்ணுயிர், பூச்சிக்கொல்லிகள், பலவகைப் பூக்கள் இல்லாமையால் வரும் உணவுக் குறை ஆகியவை ஒன்றோடொன்று கூடுகின்றன. கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்காக ஆண்டுதோறும் பிப்ரவரியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெட்டிகள் லாரிகளில் ஏற்றப்பட்டு ஒரே இடத்தில் குவிக்கப்படுகின்றன. நோய்கள் கலக்க அதைவிட நல்ல சந்தை வேண்டுவதில்லை. 2008-இல் ஜெர்மனியின் தென்மேற்கே, மருந்து பூசிய சோள விதைகளை விதைத்தபோது கிளம்பிய தூசியால் ஆயிரக்கணக்கான கூடுகள் நஞ்சேறின. 'டாக்டர் ஹூ' தேனீக்களை வேற்றுக்கோளுக்கு அனுப்பிய அதே ஆண்டில் நிகழ்ந்தது இது. அம்மருந்து சேர்ந்த நியோனிகோட்டினாய்டு வகையுள் மூன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் கட்டுப்படுத்தியது. 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டிற்குத் தடை விதித்தது.

மூன்றாம் கட்டம் 2016-இல் வருகிறது. 'பிளாக் மிரர்' தொடரின் 'ஹேட்டட் இன் தி நேஷன்' பகுதியில் தேனீயே இல்லை. எதிர்கால இங்கிலாந்தில் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்க இயந்திரத் தேனீக்கள் பறக்கின்றன. தம்மைப் போன்றவற்றைத் தாமே உருவாக்கிக்கொள்ளவும் வல்லவை அவை. மக்களை வேவு பார்க்கும் கண்களாகவும் அரசு அவற்றை மறைவாகப் பயன்படுத்துகிறது. ஒருவன் அவற்றைக் கைப்பற்றுகிறான். முதலில், சமூக ஊடகத்தில் பெரும்பான்மையோர் வெறுத்தவரை அவை கொல்கின்றன. இறுதியில், வெறுப்பைப் பதிவு செய்த 3,87,036 பேரையும் கொல்கின்றன.

சார்லி புரூக்கர் எழுதிய இக்கதையில் பூச்சியின் சாவைவிட மனிதனின் வெறுப்பே பேசப்படுகிறது. எனினும் ஒரு செய்தியை அது நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. தேனீ செய்த தொண்டைத் தேனீ இல்லாமல் பெற முயன்றால், அந்தத் தொண்டோடு அதைச் செய்விப்பவரின் நோக்கமும் சேர்ந்து வரும். தேனீ பூவுக்குப் போவது தன் பசிக்காக. மகரந்தம் சேர்வது அதன் விளைவு. இயந்திரம் யாருக்காகப் பறக்கிறது என்பது அதை ஏவுபவருக்கே தெரியும். இது வெறும் கற்பனையுமன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையுள்ள இயந்திரப் பூச்சி ஒன்றைக் கம்பி இணைப்போடு பறக்கவிட்டனர். 2017-இல் ஜப்பானியர், சிறு வானூர்தி ஒன்றில் குதிரை மயிரும் பசையும் ஒட்டி லில்லிப் பூவில் மகரந்தம் சேர்த்துக் காட்டினர். சீனத்துச் சிச்சுவான் மாநிலத்தின் ஹான்யுவான் பகுதியிலோ பேரிக்காய் மரங்களில் ஏறி மனிதரே கையால் மகரந்தம் தடவுகின்றனர். இயந்திரத்திற்கு முன்பே அங்கே மனிதன் தேனீயின் வேலைக்கு வந்துவிட்டான்.

இதுவரை சொன்னதைத் தொகுத்துக் கூறுகிறேன். தேனீ மனிதனாக விரும்பியது, கொல்ல வந்தது, ஏவப்பட்டது, பிரிந்து சென்றது, இறுதியில் இயந்திரமாயிற்று. ஐம்பது ஆண்டுகளில் ஒரே பூச்சி ஐந்து வேடம் பூண்டது. ஐந்திலும் பேசியவன் மனிதன். எதிரொலி என்பது குரல் கொடுத்தவனின் குரலே. அதில் மலையின் குரல் இல்லை.

இனி, திரை சொல்லாமல் விட்ட பெரிய செய்திக்கு வருகிறேன். உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உள்ளன. கதைகளில் வருவது ஒன்றே ஒன்று. மனிதன் பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீ. அந்த ஒன்று அழிந்துபோகும் நிலையில் இல்லை. 1961-க்கும் 2007-க்கும் இடையில் உலகில் வளர்க்கப்படும் கூடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 45 விழுக்காடு உயர்ந்தது. இழந்த கூடுகளுக்கு ஈடாக, இருக்கும் கூடுகளைப் பிரித்துப் புதிய இராணியை இட்டு வளர்ப்பாளர் எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடுகின்றனர். அவர்களின் இழப்பு பொய்யன்று. 2024 கோடைக்கும் 2025 தொடக்கத்திற்கும் இடையில் அமெரிக்க வணிக வளர்ப்பாளர் தம் கூடுகளில் சராசரியாக 60 விழுக்காட்டிற்கு மேல் இழந்தனர். மருந்துக்கு அடங்காத வரோவா உண்ணிகளும் அவை பரப்பிய நச்சுயிரிகளும் ஆய்வில் கண்டறியப்பட்டன. ஆனால் அந்தத் தேனீக்கு உரிமையாளர் உண்டு, கணக்கு உண்டு, அழுவதற்கு ஆள் உண்டு.

உண்மையில் மறைந்துகொண்டிருப்பவை காட்டுத் தேனீக்கள். உடல் பருத்து மயிர் அடர்ந்த பம்பிள் தேனீ வகையில் ஒன்று இங்கிலாந்தில் 1988-இல் டஞ்ஜனெஸ் கடற்கரைப் பகுதியில் கடைசியாகக் காணப்பட்டது. 2000-இல் அந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. குட்டை மயிர்ப் பம்பிள் தேனீ என்று பொருள்படும் பெயருடையது அது. 1930-களுக்குப் பின் அந்நாட்டின் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு உழவுக்கும் பிறவற்றுக்கும் இரையானதே அதன் அழிவுக்கு முதற்காரணம். 2012-இல் சுவீடனிலிருந்து அதன் இராணிகளைக் கொண்டுவந்து அதே கடற்கரையில் விட்டனர். அமெரிக்காவில் துருநிறத் திட்டுடைய பம்பிள் தேனீ 2017-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவை எதையும் தாயகம் திரும்பிய வீரராக யாரும் படைக்கவில்லை. பெயர் தெரியாத ஒன்று இல்லாமற்போனால், இல்லாமற்போனதே தெரிவதில்லை.

ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு கூற்று மேடைதோறும் வழங்கி வருகிறது. தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனிதகுலம் அழியும் என்பது அது. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று இல்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் தேனீ வேண்டுவதில்லை. காற்றும் தன்மகரந்தச் சேர்க்கையும் போதும். முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன என்பதே உண்மை. தேனீ போனால் நாம் சாகமாட்டோம், வறியவராவோம். கனியும் காயும் விதையும் அரிதாகிய உலகில் வாழ்வோம். அச்சமூட்டப் பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்த உண்மையே போதுமானது.

கவிஞர் பெருமக்களே, இங்கே நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. தொல்காப்பியர் அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தார். உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டே பிறக்கும் என்றும், தெய்வம் அதற்கு விலக்கு என்றும் வரையறுத்தார். ஒரு பறவையோ விலங்கோ பூச்சியோ முதலில் அந்நிலத்தில் உயிர் வாழ வேண்டும். அதன் பின்னரே அது பொருள் சுமக்கும். நான் எடுத்துக்காட்டிய தொடர்களின் குறை இதுவே. அவை உள்ளுறையை வைத்துக்கொண்டு கருப்பொருளைக் கைவிட்டன.

அயலாரைக் குறை கூறிவிட்டு நாம் அமைந்துவிட முடியாது. 1991-92-ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நம் இந்தியத் தேனீக்களைச் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தாக்கியது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல ஊதி மடிந்தன. தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்ற குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதியில் குடும்பங்களின் வாழ்வாதாரமே ஆட்டங்கண்டது. அந்த ஆண்டுகளிலும் நம் கவிதைகளில் வண்டு வழக்கம்போல் காதலியின் கூந்தலைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்த இழப்பைப் பாடியவர் நம்மில் எத்தனை பேர்?

நம் மொழி ஏழ்மையுடையதன்று. வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு எனச் சங்கப் புலவர் பல பெயர்களை வழங்கினர். மலைத்தேன், கொம்புத்தேன், அடுக்குத்தேன், கொசுத்தேன் என்று, தேனெடுப்போர் ஒவ்வொன்றையும் அதைத் தரும் ஈயோடு சேர்த்து அறிந்திருக்கின்றனர். நாமோ எல்லாவற்றையும் 'வண்டு' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். ஞிமிறு எது என்று கேட்டால் உரைநூலைப் புரட்டுகிறோம். சன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. பெயருக்குரிய உயிரை அறியாமல் பெயரை மட்டும் பாடுவதும், உயிரை வேற்றுக்கோளுக்கு அனுப்பிவிடுவதும் ஏறக்குறைய ஒரே செயல்தான்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அங்கே தலைவன் தும்பியிடம் ஒரு கேள்வி கேட்கிறான். தன்னை மகிழ்விக்கும் விடையை வேண்டாது, அது கண்டறிந்த உண்மையை வேண்டுகிறான். விடை அவனுக்கு உவப்பானதாகவே இருக்கக்கூடும். ஆயினும் பூச்சியைச் சாட்சியாக மதித்த பண்பு அது. தொலைக்காட்சி தேனீயிடம் தான் கேட்க விரும்பியதையே கேட்டது. நாமும் பெரும்பாலும் அவ்வாறே செய்து வருகிறோம்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பறக்கும் தேனீ வகைகளுள் ஒன்றையேனும் கண்டு, அதை அறிந்தோரிடம் பெயர் கேட்டு, அந்தப் பெயரோடும் அது நாடும் பூவோடும் ஒரு கவிதையில் அமைக்க வேண்டும். அது உவமையாவதும் ஆகாததும் பின்னர். முதலில் அது அங்கே இருந்தது என்பதற்கு அக்கவிதை சான்றாகட்டும்.